ஆடும் புலியும் ஒரே பலகையில்: பாத்திர ஆட்டங்களிற் சமநிலை பற்றிய ஓர் ஆராய்ச்சி

விளையாட்டு என்றவுடன் எதிர்நிற்கும் இரு சாராருக்கும் ஒரே அளவான ஆளும் ஒரே வகையான ஆற்றலும் இருத்தல் வேண்டுமென்று நம்மிற் பெரும்பாலோர் கருதுகின்றனர். காற்பந்திலே 11 பேருக்கு 11 பேர். கிரிக்கெற்றிலும் அவ்வாறே. சதுரங்கத்திலே 16 காய்களுக்கு 16 காய்கள். வெள்ளைக் காய்களை உடையவன் முதலில் நகர்த்துவதால் அடையும் சிறு வாய்ப்பைத் தவிர, இருவருக்குமிடையே வேற்றுமை யாதுமில்லை. இத்தகைய ஆட்டங்களிலே சமநிலை என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளாக எழுவதில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தையும் அவ்வண்ணமே அமைத்துவிட்டாற் போதும்.

நம்மவரின் ஆடுபுலி ஆட்டமோ வேறு இனத்தது. தமிழ்நாட்டிலே பழைய கோயில்களின் கற்றளங்களில் இதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றுங் காணலாம். கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களிலே கல்லிற் செதுக்குவார் இலர். மழை விடாத நாளில் லயத்துத் திண்ணையிலே அடுப்புக்கரியாற் கோடு கிழித்து, சிறு கற்களை ஆடாகவும், சற்றுப் பெரிய கற்களைப் புலியாகவும் வைத்து ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இம்மலரைப் படிப்போரிற் பலர் இருப்பர். அவர்கள் விதிகளை மறந்திரார். எனினும் இளைய மாணவர் பொருட்டு அவற்றைச் சுருக்கமாகக் கூறிச் செல்வோம்.

முக்கோணமும் அதனை வெட்டிச் செல்லும் குறுக்குக் கோடுகளுமாக அமைந்த அப்பலகையிலே 23 புள்ளிகள் உள்ளன. ஒருவனிடம் 3 புலிகள். மற்றவனிடம் 15 ஆடுகள். புலிகள் முதலிற் களத்தில் இறங்கிவிடும். ஆடுகளோ ஒவ்வொரு முறைக்கு ஒன்றாகவே வைக்கப்படும். பதினைந்தும் களத்துக்கு வந்து சேரும்வரை ஓர் ஆடேனும் இடம் பெயர்தல் கூடாது. புலிக்கு அத்தடை இல்லை. தன்னை அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியிற் புலி குதிக்குமாயின் அவ்வாடு வெட்டுண்டது. ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் அறவே இல்லை. நெருங்கி நின்று புலியை நகரவொட்டாமல் அடைப்பதே அதற்குள்ள ஒரே வழி. எத்தனை ஆடு வெட்டுண்டாற் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

இங்கே ஒரு பக்கத்தானுக்குக் கொல்லும் வலிமை; மறுபக்கத்தானுக்கு எண்ணிக்கை. இவ்விரண்டையும் எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? ஒரு புலி ஐந்து ஆட்டுக்குச் சமம் என்று வகுத்தற் கணக்கினாற் சொல்லிவிடலாமென்று தோன்றும். அது பொருந்தாது. ஆட்டத் தொடக்கத்திலே, களம் வெறுமையாக இருக்கும்போது, ஒரு புலி அங்குள்ள ஆடுகள் அனைத்தையும் அஞ்சச் செய்யும். ஆட்டம் முதிர்ந்து, புள்ளிகள் நிறைந்து, குதிப்பதற்கு இடமற்றுப் போகும்போது அதே புலி மூலையிற் சிறைப்பட்டு நிற்கும். புலியின் மதிப்பு நேரஞ் செல்லச் செல்லக் குறைகின்றது. ஆட்டின் மதிப்பு ஏறுகின்றது. அவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று எங்கே வெட்டுகின்றன என்பதே இவ்வாட்டத்தின் உயிர். எல்லா ஆடுகளும் வந்து சேரும்வரை ஆடு நகரலாகாது என்ற விதியை நீக்கிப் பாருங்கள். ஆபத்தில் அகப்பட்ட ஆடு உடனே விலகிக்கொள்ளும். புலியின் தொடக்ககால ஆதிக்கம் சிதைந்துபோகும். காய்களின் தொகையில் ஒன்றையேனும் மாற்றாமலே ஆட்டத்தின் சமநிலை குலைந்துவிடும். இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும்: ஒவ்வாத ஆற்றல்களுக்கிடையே சமநிலையை நிறுத்துவது ஆற்றலின் அளவு மாத்திரமன்று, அவ்வாற்றல் எப்பொழுது, எத்தனை முறை, எவ்விடத்திற் செல்லும் என்ற வரையறையே பெரிதும் அதனை நிறுத்துகின்றது.

நேபாளத்திலே இவ்வாட்டத்துக்கு உறவான பாக் சால் என்றோர் ஆட்டமுண்டு. அதிற் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. 5 ஆடு வெட்டுண்டாற் புலிக்கு வெற்றி. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் கணினியியல் அறிஞர் இருவர் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே அதனைக் கணினியின் துணைகொண்டு ஆராய்ந்தனர். இரு சாராரும் பிழையின்றி ஆடுவராயின் வெற்றி தோல்வியின்றியே முடியும் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத இரு படைகளைப் பெயரறியாத நாட்டார் எவரோ வெறும் பழக்கத்தினாலும் திருத்தத்தினாலும் அத்துணை நுட்பமாகச் சமன்செய்து வைத்திருந்தனர் என்பது வியக்கற்பாலது.

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். சதுரங்கத்தையே சிறிது மாற்றிக் கற்பனை செய்க. வெள்ளைப் படையை ஒருவனே நடத்தாமல், ஒவ்வொரு காயையும் ஒவ்வொருவனிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். மந்திரி ஒருவனுக்கு, குதிரை ஒருவனுக்கு, ஓரத்துக் காலாள் ஒருவனுக்கு. மந்திரியின் மதிப்பை 9 என்றும், காலாளின் மதிப்பை 1 என்றும் சதுரங்க நூலார் கூறுவர். இரு படையிலும் இக்காய்கள் ஒரே தொகையில் இருப்பதால் அவ்வேற்றுமை இதுவரை எவரையும் வருத்தவில்லை. இப்பொழுதோ, ஓரத்துக் காலாளைப் பெற்றவன் மாலை முழுவதும் அமர்ந்து ஒன்றிரண்டு கட்டம் நகர்ந்து வீடு திரும்புவான். அவனுடைய படை வென்றிருக்கலாம். அவன் விளையாடவில்லை.

இக்கற்பனை ஏறத்தாழ உண்மையாகவே நிகழுமிடம் பாத்திர ஆட்டம் எனப்படும் மேசை விளையாட்டாகும். நால்வர் ஐவர் மேசையைச் சூழ்ந்தமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக நின்று, நான் இதனைச் செய்கிறேன் என்று சொல்லுவர். செயல் நிறைவேறிற்றா என்பதைப் பகடை முடிவுசெய்யும். இது மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பென்று கூறப்படினும், ஒரு பாத்திரத்தை ஏற்று அதுவாகவே இரவு முழுவதும் நிற்பது மலையகத்தாருக்குப் புதியதன்று. மாசி மாதத்திலே காமன் கூத்தில் மன்மதனாகவும் ரதியாகவும் வீரபத்திரனாகவும் வேடங்கட்டியோரையும், பொன்னர் சங்கர் கதையை ஆடியோரையும் நாம் அறிவோம். வேறுபாடு ஒன்றுண்டு: கூத்திலே முடிவு முன்னரே தெரிந்தது, மன்மதன் எரிந்தே தீரவேண்டும். பாத்திர ஆட்டத்திலோ முடிவு எவருக்குந் தெரியாது.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் அச்சில் வெளிவந்தது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பது. அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். முதற்பதிப்பு 1,000 படிகளே. பாத்திரங்களை வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகுப்பாக அவர்கள் பிரித்தனர். மறுவருடம் வெளிவந்த துணைநூலிலே கள்வன் நான்காவதாகச் சேர்ந்தான். சமயகுரு பிறந்த வரலாறு சுவையானது. ஆர்னசன் தம் நண்பரோடு ஆடிய தொடக்ககால ஆட்டமொன்றிலே ஒருவர் இரத்தங் குடிக்கும் பேயாக நின்று, ஏனையோரால் அடக்கவியலாத அளவுக்கு வலிமை பெற்றுவிட்டார். அப்பேயை விரட்டுதற்கென்றே சமயகுரு படைக்கப்பட்டார். ஆகவே, வகுப்புக்களின் சமநிலை பற்றிய கவலை அவ்வாட்டத்துடன் கூடவே பிறந்தது எனலாம்.

அவர்கள் அக்கவலையைத் தீர்க்க முயன்ற முறை ஆடுபுலியின் முறையை ஒத்தது. மந்திரவாதி தொடக்கத்திலே மிக மெலிந்தவன். கவசம் அணியலாகாது; கட்டாரி ஒன்றைத் தவிர வேறு படைக்கலம் இல்லை; முதற்படியிலே ஒரேயொரு மந்திரம். அதனைச் சொல்லிவிட்டானாயின் அன்றைக்கு அவன் வெறும் ஆள். வீரனுக்கோ எக்கவசமும் எப்படைக்கலமும் ஆகும். மேலும், இரண்டாம் படிக்கு ஏற வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி தேவையாக, மந்திரவாதிக்கு 2,500 தேவை, சமயகுருவுக்கு 1,500, பின்வந்த கள்வனுக்கு 1,200. ஏணியின் படிகளையே ஆளுக்கு ஆள் வெவ்வேறு உயரமாக அமைத்துச் சமன்காண முயன்றனர்.

முயற்சி அழகியது, பயன் அரைகுறை. ஐந்தாம் படியை எட்டிய மந்திரவாதிக்குத் தீயுருண்டை என்னும் மந்திரம் கிட்டுகின்றது. ஐந்து பகடைகளை உருட்டி, வரும் கூட்டுத்தொகையை அத்தீயில் அகப்பட்ட ஒவ்வொரு பகைவன்மீதும் இறக்கலாம். ஆறுமுகப் பகடை ஒன்றின் சராசரி 3.5, ஐந்துக்கு 17.5. ஐவர் அகப்பட்டால் மொத்தம் 87.5. பக்கத்தில் நிற்கும் வீரன் வாள்வீச்சொன்றில் ஒருவனை மாத்திரம் வெட்டுவான். முன்னர் அவன் பின்னால் ஒளிந்து உயிர்தப்பி வந்தவனே இப்பொழுது அவனைத் தேவையற்றவனாக்கிவிட்டான். தொடக்கத்தில் மெலிந்து முடிவில் வலுப்பது ஆட்டின் முறைதான். ஆயினும் ஒரு பெரும் வேறுபாட்டைக் கருதுக. ஆடுபுலி அரைமணி நேரத்தில் முடியும். மறு ஆட்டத்திற் பக்கம் மாறிக்கொள்ளலாம். பாத்திர ஆட்டமோ மாதக்கணக்காகத் தொடரும். முதல் மூன்று மாதம் ஒருவன் வாடுவதும், அடுத்த மூன்று மாதம் மற்றவன் வாடுவதும் சமநிலை ஆகா. வாட்டத்தைப் பங்கிட்டுக் கொடுத்ததே ஆகும்.

மந்திரவாதியின் வலிமைக்கு மற்றொரு தளை, மந்திரங்களின் எண்ணிக்கை. அஃது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை ஒரு சிறு கணக்கினாற் காண்போம். பின்வரும் எண்கள் விளக்கத்தின்பொருட்டு நாமே கொண்டவை. வீரன் ஒவ்வொரு முறையும் 7 அளவு சேதம் விளைப்பவன். மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு 3 மந்திரம். ஒவ்வொன்றும் 18 அளவு. மந்திரம் தீர்ந்தபின் கட்டாரியால் முறைக்கு 3. ஒரு சண்டை நான்கு முறை நீடிக்கும் எனக் கொள்வோம்.

அந்நாளில் ஒரே ஒரு சண்டையாயின், மந்திரவாதி மும்முறை மந்திரமும் ஒருமுறை கட்டாரியுமாக 57 விளைப்பான், வீரன் 28. இரண்டு சண்டையாயின் மந்திரவாதி 69, வீரன் 56. மூன்றாயின் 81க்கு 84. நான்காயின் 93க்கு 112. மூன்றாஞ் சண்டையிலே தராசு மறுபக்கம் சாய்ந்துவிடுகின்றது. இரண்டு பாத்திரங்களின் எண்களில் யாதொன்றும் மாறவில்லை. ஓய்வுக்கு ஓய்வு இடைப்பட்ட சண்டைகளின் தொகைதான் மாறிற்று. இதனாலன்றோ, 2014ஆம் ஆண்டிற் புறப்பட்ட ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் கைநூல், ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வரையான நடுத்தர அல்லது கடின மோதல்களை ஒரு கூட்டம் தாங்கும் என்று கணக்கிட்டது! மேசைகளிலோ பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மோதல் முடிந்ததும், மந்திரம் தீர்ந்துபோயிற்று, உறங்குவோம் என்று மந்திரவாதி கூற, கூட்டம் முழுவதும் படுத்துவிடுகின்றது. அவ்விடத்திலே நூல் வகுத்த சமநிலை செல்லாக்காசு. கதைநடத்துநர் ஓய்வைக் கட்டுப்படுத்தினாலன்றி வீரனுக்கு வாழ்வில்லை. விடியுமுன் ஊரை அடைய வேண்டும், பின்னால் வெள்ளம் ஏறி வருகின்றது என்று ஒரு நெருக்கடியைக் கதையில் வைத்துவிட்டால், எண்களைத் திருத்தும் வேலை மிச்சம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லாருடைய தொகையும் நாள் முடிவிற் சமமாக வந்துவிட்டால் அதுவே சமநிலை அன்றோ என்பர். தோட்டத்திலே பிறந்தோருக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டிலே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் ஒன்றாக்கப்பட்டது. அது காலந்தாழ்ந்து கிடைத்த நீதி. அதன்பின் செக்குறோலிலே இருவருக்கும் ஒரே பேர்தான். எனினும் பல தோட்டங்களிலே, கவ்வாத்துக்குப் போனவர் தமக்குரிய மரக்கணக்கை முடித்துவிட்டு உச்சி சாய்வதற்குள் லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்தெடுக்கும் பெண் அந்தி நிறுவை முடியும்வரை மலையிலே நிற்க வேண்டும். அதன்பின் அடுப்பு வேலையும் அவளுக்கே. ஏட்டிலே சமமாக எழுதப்பட்டது மலையிற் சமமாக இருப்பதில்லை. எதனை எண்ணுகின்றோமோ அதுமட்டுமே சமனாகும். எண்ணாமல் விட்டது பழையபடியே கிடக்கும். பாத்திர ஆட்டத்திலும் சேதக்கணக்கை மாத்திரம் எண்ணிச் சமன்செய்த பதிப்புக்கள், மேசையிலிருந்தோர் எத்தனை நேரம் வாளாவிருந்தனர் என்பதை எண்ணவில்லை.

வலிமைக் குறைவைக் காட்டிலும் கொடியது ஒன்றுண்டு. அது தன் தொழிலைப் பிறன் செய்துவிடுதல். கள்வன் பூட்டைத் திறப்பதற்கென்றே படைக்கப்பட்டவன். தொடக்கப் படிகளிலே அவன் வெற்றி நூற்றிற் சிறுபங்கு. மந்திரவாதியின் இரண்டாந்தர மந்திரங்களுள் ஒன்றோ எந்தப் பூட்டையும் தவறாது திறந்துவிடும். அடுத்ததொன்று ஆளையே கண்ணுக்குத் தெரியாமற் செய்யும். பதுங்கிச் செல்லும் கள்வனின் மற்றைத் தொழிலும் போயிற்று. வலிமையிற் குறைந்தவன் பொறுத்துக்கொள்வான். தொழில் பறிபோனவனுக்குப் பொறுப்பதற்கு ஒன்றுமில்லை. பாடசாலை விடுமுறைக் காலத்திலே மாணவர் நால்வர் ஆடியதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். அதிகம் பேசாத பையன் ஒருவன் கள்வனை விரும்பி எடுத்திருந்தான். முதற்கதவை மந்திரவாதி திறந்தான், இரண்டாவதையும் அவனே. மூன்றாவது கதவு வந்தபோது எல்லாரும் கள்வனைப் பாராமலே மந்திரவாதியைப் பார்த்தனர். அதன்பின் அப்பையன் பகடைகளை ஒன்றின்மேலொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, கேலி செய்யவுமில்லை. மறுவாரம் அவன் வரவில்லை. வகுப்புச் சமநிலை என்பது கணக்கில் ஈடுபாடுடையோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு இதனைச் சொல்லவேண்டியிருக்கின்றது.

இவ்விடர்ப்பாட்டை நம் இதிகாசக் கதாசிரியர் எவ்வாறு கையாண்டனர் என்று நோக்குவது பயனுடைத்து. விராட நகரத்திலே பாண்டவர் ஐவரும் மறைந்து வாழ்ந்த பகுதியை எண்ணுக. தருமன் சூதாட்டந் தெரிந்த அந்தணனாகக் கங்கன் என்ற பெயருடன் அரசவையில்; வீமன் மடைப்பள்ளியில்; அருச்சுனன் பிருகந்நளையாக ஆடலும் பாடலும் கற்பிக்குமிடத்தில்; நகுலன் குதிரை இலாயத்தில்; சகாதேவன் ஆநிரை காப்போனாக. ஒருவன் நிற்குமிடத்தில் மற்றவன் நிற்பதில்லை. ஒருவன் தொழிலை மற்றவன் தொடுவதில்லை. கீசகனை ஒழிக்கும் செயல் இரவிலே வெறுங்கையாற் செய்ய வேண்டியதாக அமைகின்றது. ஆகவே அது வில்லாளனுக்கு அன்றி வீமனுக்கே உரியதாயிற்று.

ஆயினும் ஒரு சங்கடம் கதாசிரியருக்கு முன் நின்றது. அருச்சுனன் காண்டீவத்தைக் கையிலெடுத்தால் மற்றை நால்வருக்கும் வேலை இல்லை; அவன் ஐந்தாம் படியைக் கடந்த மந்திரவாதியைப் போன்றவன். கதாசிரியர் அவனுடைய வலிமையைக் குறைக்கவில்லை. பகையை இரண்டாகப் பிளந்தார். முதலிலே சுசர்மனின் திரிகர்த்தப் படை வருகின்றது, விராடன் சிறைப்படுகின்றான், அருச்சுனன் ஒழிந்த நால்வரும் சென்று அவனை மீட்கின்றனர், சுசர்மனை வீமன் பிடிக்கின்றான். அவர்கள் அங்கே போயிருக்கும் வேளை பார்த்துக் கௌரவர் மறுதிசையில் ஆநிரை கவர்கின்றனர். நகரத்தில் எஞ்சியிருப்போர் இளவரசன் உத்தரனும் நடனஞ் சொல்லிக்கொடுப்பவளும். அருச்சுனன் தனியொருவனாக அத்துணைப் பெரும்படையையும் வெல்லுகின்றான். ஏனையோர் எவருடைய புகழும் இதனாற் குன்றவில்லை. ஏனெனில் அவர்கள் அங்கில்லை. வலியவனை மெலிவிக்காமலே மெலியவனுக்கு இடஞ்செய்யும் இவ்வுத்தியைக் கதைநடத்தும் மாணவர் ஒவ்வொருவரும் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்திசையிற் சென்று கண்டோரும் உளர். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வந்தபோது, வகுப்புக்கு வகுப்பு வேறுபட்ட அனுபவப் புள்ளிக் கணக்கை நீக்கி அனைவருக்கும் ஒரே ஏணியை வைத்தது. மந்திரவாதியின் முதிர்கால வலிமையை அதற்கேற்பத் தணிக்கவில்லை. ஆகவே பிளவு முன்னையிலும் விரிந்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதனைத் துணிந்து தீர்த்தது. வீரனாயினும் மந்திரவாதியாயினும் எல்லாருக்கும் ஒரேவகைச் சட்டகம்: எப்பொழுதும் செய்யக்கூடியன சில, மோதலுக்கு ஒருமுறை சில, நாளுக்கு ஒருமுறை சில. கணக்கிலே அதற்கு நிகரான சமநிலை அதற்குமுன் அமைந்ததில்லை என்பது என் கருத்து. இருந்தும் பழைய ஆட்டக்காரருள் ஒரு பெரும்பகுதியினர் அதனை ஏற்கவில்லை. வாளும் மந்திரமும் பெயரில் வேறாகவும் நடையில் ஒன்றாகவும் இருக்கின்றன என்று குறைகூறினர். ஆட்டுக்கும் குதிக்கக் கற்றுக்கொடுத்து, புலிக்கும் பதினைந்து உடன்பிறந்தாரைக் கொடுத்தால் ஆடுபுலி என்னவாகும்? 2014இன் பதிப்பு மறுபடியும் வேறுபாடுகளின் பக்கமே திரும்பிற்று. அதனோடு பழைய இடர்களும் ஓரளவு திரும்பின. அவ்விடர்களையும் உடன்வைத்தே நான் அதனை விரும்புவேன். குறையுள்ள வேற்றுமையை மேசையிலே திருத்திக்கொள்ள முடியும். குறையற்ற ஒருமையைத் திருத்துதற்கு வழியில்லை.

இவ்வாட்டத்தை நம் மாணவர் மன்றங்களிலே ஆடிப் பார்க்க விரும்புவோர்க்குச் சில சொல்வது தகும். விலைகொடுத்து நூல்களும் வர்ணப் பகடைகளும் வாங்கவேண்டிய கட்டாயமில்லை. இருபது முகப் பகடை கிட்டாத இடத்தில், ஒன்று முதல் இருபது வரை எண் எழுதிய காகிதத் துண்டுகளை வெறுமையான பால்மா டின்னொன்றில் இட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த துண்டை மீண்டும் உள்ளே போட மறவாதிருத்தல் வேண்டும். இல்லையேற் கணக்குப் பிழைக்கும்.

களத்துக்கும் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 1985இல் கொத்மலை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது ஊர்களும் வயல்களும் வழிபாட்டிடங்களும் நீருள் மறைந்தன. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளிப்படுவதைப் பலர் கண்டிருப்பர். தம் வீடுவாசலை இழந்தோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆகவே அவ்விடிபாட்டையே விளையாட்டுக்குப் பொருளாக்காமல், அதுபோன்ற ஒரு கற்பனை ஊரை அமைத்துக்கொள்வது மரியாதை. மூடுபனி இறங்கிய இரவு. நீர் வடிந்த சேற்றிலே ஒரு பழைய ஊர். மேலே மழை பெய்யத் தொடங்கிவிட்டது. விடியுமுன் நீர் மீண்டும் ஏறும். ஓய்வெடுக்க நேரமில்லை என்பதால் மந்திரவாதியின் மூன்று மந்திரமும் கஞ்சனின் காசுபோலச் செலவாகும்.

பாத்திரங்களை வேட்டைக்காரன், மந்திரவாதி, பரிகாரி, வழியறிந்தவள் என நால்வராக அமைக்கலாம். வேட்டைக்காரன் அடிபட்டாலும் நிற்பான். அவன் படைக்கலம் தீர்வதில்லை. பரிகாரி காயமாற்றுவதோடு, மூலிகையும் நஞ்சும் அறிந்தவர். அதை மந்திரவாதிக்குக் கொடுக்கலாகாது. வழியறிந்தவளுக்குச் சேற்றில் எங்கே கால்வைக்கலாம், எந்தச் சுவர் இடியும், எந்தக் கதவு எப்புறம் திறக்கும் என்பது தெரியும். அவளில்லாத கூட்டம் சேற்றிலே புதையும். மந்திரவாதியின் பட்டியலிலே கதவு திறக்கும் மந்திரம் வேண்டவே வேண்டாம். அவனுக்கு விருப்பமாயின் வெளிச்சமும் நெருப்பும் மாயத்தோற்றமும் கொடுங்கள். சேற்றினூடே நடக்கும் மந்திரத்தைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஆடி முடிந்தபின் வெற்றியையும் தோல்வியையும் எழுதுமுன், கதைநடத்துபவர் ஒரு தாளிலே நால்வரின் பெயரையும் எழுதி, அன்று ஒவ்வொருவரும் எத்தனை முறை ஏனையோரைத் தம் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தனர் என்று நினைவுகூர்ந்து புள்ளியிட்டுப் பார்க்கட்டும். ஒருவர் பெயருக்கெதிரே இடம் வெறுமையாக இருந்தால், அடுத்த வாரக் கதையிலே மழையைச் சற்று முன்னதாகவே பெய்விக்கலாம். அல்லது விராடபருவத்து வழியைப் பின்பற்றிப் பகையை இரண்டு திசையில் அனுப்பலாம்.